சந்தாதாரர் என்போர் யாவர்?

வாசகர் ஆதரவு இல்லாமையால் சஞ்சிகை நின்றுவிட்டது என்னும் கூற்றை ஈழத்து இலக்கிய உலகில் நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. ஆசிரியர் கூறுவார், அவருடைய நண்பர்கள் ஆமென்பர், பின்னர் வரும் ஆய்வாளர் அதனையே அடிக்குறிப்பில் எழுதி வைப்பார். குற்றம் சாட்டப்பட்ட வாசகர் மட்டும் எந்த விசாரணைக்கும் அழைக்கப்படுவதில்லை. அவரைக் கூண்டில் ஏற்றுமுன், அச்சஞ்சிகை எப்போதாவது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது விமர்சகரின் கடமை என நாம் கருதுகிறோம்.

கொழும்பிலே, குறிப்பாக வெள்ளவத்தையிலே, ஞாயிறு மாலைகளில் நடைபெறும் வெளியீட்டு விழாக்களை அறியாதார் இலர். மங்கல விளக்கு, தமிழ் வாழ்த்து, தலைமையுரை. அதன் பின் முதற்பிரதி பெறுபவர் மேடைக்கு அழைக்கப்படுவார். அவர் பெரும்பாலும் ஒரு வர்த்தகப் பிரமுகர். கடித உறை ஒன்றை அவர் நீட்டுவார், ஆசிரியர் பெற்றுக்கொள்வார், கைதட்டல் எழும். பிறகு சிறப்புப் பிரதிகள். மண்டபத்தில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் அச்சஞ்சிகையில் எழுதியவர்கள், எழுதப் போகிறவர்கள், அல்லது அவர்களின் உறவினர்கள். எழுதியவருக்கு இலவசப் பிரதி உண்டு. எழுதப் போகிறவருக்கு நட்புப் பிரதி உண்டு. சந்தா விண்ணப்பப் படிவம் பின்னட்டையின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதனைக் கத்தரித்து அனுப்பியவரைக் காண்பது அரிது. அட்டை கெட்டுப்போகுமே என்ற கவலையோ என்னவோ!

உறையில் வந்த பணம் அந்த இதழின் அச்சுச் செலவை அடைத்துவிடுகிறது. ஆகவே அடுத்த இதழுக்கு மீண்டும் ஓர் உறை தேவைப்படுகிறது. இவ்வாறு உறைக்கு உறை தாவிச் செல்லும் சஞ்சிகைக்குச் சந்தாதாரர் தேவையில்லை என்பதே உண்மை. தேவைப்படாத ஒருவர் வரவில்லையென்று புலம்புவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு நம் கண்முன் உள்ளது. 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' முதல் இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் முடிதிருத்தும் தொழிலாளி. தோழர் ப. ஜீவானந்தத்தின்மீது கொண்ட பற்றினால் தம் பெயருடன் 'ஜீவா'வைச் சேர்த்துக்கொண்டவர். கல்லூரிப் படிப்பு இல்லை; பரம்பரைச் சொத்து இல்லை; சாதியென்னும் ஏணியில் மேற்படிகளில் நின்றவர்கள் அவரை எழுத்தாளரென ஒப்புக்கொள்ளவே தயங்கிய காலம் அது. இப்படிப்பட்ட ஒருவர் தொடங்கிய சஞ்சிகை 2012 வரை, 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தது. ஈழத்தில் செல்வமும் செல்வாக்கும் உடையோர் தொடங்கிய இலக்கிய ஏடுகள் பல, பத்து இதழ்களைக்கூடக் காணாமல் மறைந்திருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

ஜீவா சஞ்சிகைக் கட்டைச் சுமந்துகொண்டு வீதி வீதியாக நடந்து விற்றார் என்பதை எல்லோரும் சொல்லுகிறார்கள். அது ஒரு புராணக் கதை போலாகிவிட்டது. புராணமாக்கிவிட்டால் பின்பற்றவேண்டிய தொல்லை இல்லையல்லவா? அந்த நடைக்குள் இருந்த முறையை நாம் ஆராய விரும்புகிறோம். கையிற் பிரதியுடன் ஒருவர் முன் நிற்கும் ஆசிரியர் அவரது முகத்தைப் பார்க்கிறார். சென்ற இதழ் பிடித்ததா இல்லையா என்பதை அந்த முகம் சொல்லிவிடும். சலூனிலோ முகத்தைப் பார்ப்பதே தொழில். வாடிக்கையாளர் இருபது நிமிடம் நாற்காலியிற் கட்டுண்டு கிடக்கிறார். அரசியலும் ஊர்வம்பும் இலக்கியமும் அந்த இருபது நிமிடத்தில் கலந்து வருகின்றன. 'மல்லிகை'யின் முதல் ஆசிரியபீடம் அந்த நாற்காலிக்குப் பின்னால் இருந்தது எனலாம்.

நடையைக் காட்டிலும் முக்கியமானது இன்னொன்று. 'மல்லிகை' நீர்கொழும்பு, திக்குவல்லை போன்ற ஊர்களின் பெயரால் சிறப்பிதழ்கள் வெளியிட்டது. யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் இலக்கிய வரைபடத்தில் இவ்வூர்கள் இருக்கவில்லை. ஒன்று கத்தோலிக்க மீனவரும் வணிகரும் வாழும் மேற்குக் கரை. மற்றது தெற்கே சிங்கள ஊர்களினிடையே முஸ்லிம்கள் வாழும் சிற்றூர். அங்கெல்லாம் தமிழில் எழுதத் துடித்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பக்கங்களை ஒப்படைத்தபோது, அவர்களின் ஆசிரியர்களும் அயலவரும் நண்பர்களும் வாசகராயினர். எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் உருவப்படங்களை அட்டையில் இட்டதும் இவ்வகையானதே. சினிமா நட்சத்திரத்தின் முகத்தைத் தவிர வேறு முகம் அட்டைக்குத் தகுதியற்றது என்றிருந்த காலத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரான ஓர் எழுத்தாளரின் முகம் அட்டையில் வந்தால் அவ்வூர் அதனை வாங்காமல் இருக்குமா? இதனை வியாபார உத்தி என்று ஏளனஞ் செய்வாரும் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஓர் ஊரை மதித்தால் அவ்வூர் சந்தா கட்டுகிறது, அவ்வளவே.

1970களில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு தமிழகத்து ஜனரஞ்சக ஏடுகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டு நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் திடீரென்று சந்தை கிடைத்தது; வீரகேசரிப் பிரசுரங்கள் அக்காலத்திற் பரவலாக விற்பனையாயின. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் ஏடுகள் மீண்டும் இறங்கின. அந்தச் சந்தை சுருங்கிற்று. போட்டி இல்லாமையால் வந்த வாசகர் போட்டி வந்ததும் போய்விட்டார். கட்டுப்பாடு தவறு என்று நாம் கூறவரவில்லை. அது அளித்த அவகாசத்தில் வாசகரைக் கட்டமைக்கத் தவறிய பதிப்பாளரையே குறை கூறுகிறோம். கையோடு கை சேர்த்து வாசகரைத் திரட்டிய 'மல்லிகை' அந்த அலை வடிந்த பின்னும் நின்றது.

கடலுக்கு அப்பால் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். ஏதோ வாசகர் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு வரப்போவது போல! அந்த எல்லையை ஏடு ஒருபோதும் எட்டவில்லை. சமுதாயப் பிரச்சினைகளை ஒதுக்கிவைத்த அவரது இலக்கியக் கொள்கைக்கும் நமக்கும் காத தூரம். ஆயினும் நேர்மையான விமர்சனம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: புத்தகக் கட்டுகளைத் தோளிற் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அவரும் அலைந்தார். அங்கே சேர்த்த வாசகர் சிலரேயானாலும், தமிழ்ப் புதுக்கவிதை அவர்களைக் கொண்டே வேரூன்றியது. தொகை சிறிதாயிருப்பது குற்றமன்று. தொகை யாரால் ஆனது என்பதே கேள்வி.

இக்கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் லெனின். 1912இல் ருஷ்யத் தொழிலாளர்கள் தமக்கென ஒரு நாளேடு வேண்டி, தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை நிதி திரட்டினர். அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் வந்த நன்கொடைகளை லெனின் எண்ணினார். ரூபிள்களை மட்டுமன்று, கொடுத்த குழுக்களை எண்ணினார். ஜனவரியில் 14 தொழிலாளர் குழுக்கள், பெப்ரவரியில் 18, மார்ச்சில் 76, லேனா தங்கவயலில் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்ட ஏப்ரலில் 227, மே மாதம் 135, ஜூனில் 34. ஆக 504. அந்த ஏப்ரலில்தான், ருஷ்யப் பழைய நாட்காட்டிப்படி, 'பிராவ்தா' பிறந்தது. செல்வர் ஒருவர் தரும் நூறு ரூபிளைவிட ஐம்பது தொழிலாளர் கூடித் தரும் ஐந்து ரூபிள் பெரிது என்பது அக்கணக்கின் பொருள். நூறு ரூபிளுக்குப் பின்னால் ஒருவரே நிற்கிறார். ஐந்து ரூபிளுக்குப் பின்னால் ஒரு பட்டறை நிற்கிறது. நம் சஞ்சிகை ஆசிரியர்களிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது. இந்தக் கணக்கு அதில் இல்லை.

இன்றைய கொழும்பைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் அடுக்குமாடிகள் உயர்ந்து நிற்கின்றன. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அங்கேதான் உள்ளது. காலி வீதியிற் புத்தகக் கடை உண்டு. கண்டியில் 2000 ஜூனில் பிறந்து பின்னர் வெள்ளவத்தைக்குக் குடிவந்த 'ஞானம்', 2012 நவம்பரில் தன் 150ஆவது இதழை ஈழத்துப் போர் இலக்கியத்துக்கும், 2014 டிசம்பரில் 175ஆவது இதழைப் புலம்பெயர் இலக்கியத்துக்கும் பெருந்தொகுப்புகளாக ஒதுக்கியது. ஆய்வாளர் தலைமுறை தலைமுறையாகப் புரட்டவேண்டிய இதழ்கள் அவை. ஆயினும் பெருந்தொகுப்பை ஒருமுறை வாங்கி அலமாரியில் வைப்பவர் வேறு. மாதந்தோறும் தபாற்காரரை எதிர்பார்த்திருப்பவர் வேறு.

கொட்டாஞ்சேனை வேறோர் உலகம். துறைமுகத்தின் அருகே, கோயில்களும் தேவாலயங்களும் பண்டகசாலைகளும் நெருங்கிய பகுதி. மலையகத்திலிருந்து வந்து கடைகளில் வேலை செய்யும் இளைஞர், அச்சகத் தொழிலாளர், நாட்கூலிக்காரர், ஓர் அறையில் நால்வராய்த் தங்குவோர் பலர் அங்கே வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்தைப் போரின்போது விட்டு வந்த ஜீவா 'மல்லிகை'யைத் தொடர்ந்து நடத்தியது இந்தக் கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் என்பதை வெள்ளவத்தை விழாக்களில் பேசுவோர் மறந்துவிடுகின்றனர். இன்று வெளிவரும் எந்த இலக்கிய ஏடு இப்பகுதியிலுள்ள ஒரு தேநீர்க் கடைக்கு வருகிறது? வாசிக்கும் பழக்கம் அங்கே இல்லையென்று கூறவேண்டாம். ஒரு நாளேட்டை இருபது பேர் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிப்பதை எவரும் காலையிற் சென்று காணலாம்.

பணத்தின் கதையும் இதுவே. வெளிநாட்டு அன்பர் ஒருவரின் ஆயுட்சந்தா ஓர் இதழின் செலவை அடைக்கலாம். ஆனால், நாளடைவில் அந்த அன்பருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஆசிரியரின் பேனா தயங்கத் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டம் பற்றிய கட்டுரை மூன்று பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகிறது. அன்பரின் பயணக் கட்டுரை தொடராகிறது. சந்தாதாரர் யார் என்பது ஏட்டின் உள்ளடக்கத்தையே நிர்ணயிக்கிறது என்பதை அழகியல்வாதிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அச்சுக்காரரின் பற்றுச்சீட்டு ஒப்புக்கொள்ளும்.

'மல்லிகை'யைப் போற்றிய நாம் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அதன் விநியோகம் ஒரு மனிதரின் கால்களில் நின்றது. அந்தக் கால்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஓயாது நடந்தன; முதுமையில் ஓய்ந்தபோது சஞ்சிகையும் ஓய்ந்தது. ஜீவா 2021 ஜனவரியிற் காலமானார். நாற்பத்தாறு ஆண்டுகளில் அந்த இதழைச் சூழ்ந்திருந்த எழுத்தாளர்கள் எத்தனை பேர்! அவர்களில் எவரும் அந்தக் கட்டில் பாதியைத் தம் தோளுக்கு மாற்றிக்கொள்ளவில்லை. எழுத்தாளர் சங்கம் அமைக்கத் தெரிந்த முற்போக்காளருக்கு வாசகர் குழு அமைக்கத் தெரியவில்லை. இந்தக் குற்றச்சாட்டில் நாமும் அடங்குகிறோம்.

இனி, நடைமுறைச் சிரமங்களை நாம் அறியாதவர்களல்லர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் காகிதம் இல்லாமற் பள்ளிப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. நாளேடுகள் சில அச்சை நிறுத்தின. அவ்வாண்டு ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாயிற்று. தனித்தனி உறையில் தனித்தனி வீட்டுக்கு அனுப்பும் முறை இனிக் கட்டாது. ஆனால், பாடசாலை ஒன்றிலுள்ள ஐந்து ஆசிரியர் சேர்ந்து ஒரு பொதியாகப் பெற்றால் கட்டும். முடிதிருத்தகம், தேநீர்க் கடை, வாடகை விடுதி ஆகியவற்றின் பெயரில் சந்தா பதிவு செய்தால் கட்டும். அங்கே ஒரு சந்தா ஒரு வாசகர் அன்று, இருபது பேர். பழைய இதழ்களை நூலகம் இணையத்தளத்தில் எவரும் இலவசமாக வாசிக்கலாம். 'மல்லிகை'யும் அங்கே உள்ளது. அது நமக்குப் பகையன்று, பெருந்துணை. கைப்பேசியில் விரலால் ஒருமுறை தொட்டுப் பின்தொடர்வோராகச் சேர்ந்த ஆயிரவரைச் சந்தாதாரர் என்று அறிக்கை விடும் ஆசிரியரிடம் மட்டும் நாம் ஒன்று கேட்கிறோம்: அடுத்த மாதம் இதழ் வராவிட்டால் அவர்களில் எத்தனை பேர் ஏனென்று கேட்பார்கள்?

அண்மையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு முடிதிருத்தகத்துக்குச் சென்றிருந்தோம். வாங்கின் மேல், சினிமாப் பத்திரிகைகளுக்கு அடியில், அட்டை கிழிந்த இலக்கியச் சஞ்சிகை ஒன்று கிடந்தது. யாரோ மறந்து விட்டுச் சென்றதாம். அதிலிருந்த சிறுகதை ஒன்றின் விளிம்பில் பேனாவாற் கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த அந்த இளைஞர், கத்தரியை நிறுத்தாமலே கேட்டார்: "சேர், இதுக்கு அடுத்த மாசத்துப் புத்தகம் எங்க எடுக்கலாம்?"

எம் பையில் அன்று விழா அழைப்பிதழ்கள் நான்கு இருந்தன. பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கவில்லை.