வெட்டப்பட்ட பின்னணி

யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் தான் எடுத்த நாற்பது படங்களை ஓர் அல்பத்தில் அடுக்கி என்னிடம் தந்துவிட்டுப் போனார். எல்லாமே மெக்ரோ படங்கள். பூ, பூச்சி, மழைத்துளி, பென்சில் முனை, தீக்குச்சித் தலை. “நானா, முகத்துக்கு நேர சொல்ல ஏலாட்டி எழுதியாவது சொல்லுங்கோ” என்றார். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியது உண்மைதான். ஆகவே எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லப்போவது அவர் ஒருவருக்கானது மட்டுமல்ல.

முதலில் உழைப்பைச் சொல்லவேண்டும். பூச்சியின் உண்மையான அளவும் கமராவுக்குள் விழும் அதன் உருவத்தின் அளவும் ஒன்றாக இருக்கும் நெருக்கத்தையே பழைய கணக்கில் மெக்ரோ என்பார்கள். அந்த நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீற்றரளவுதான், சிலவேளை அதுவும் இல்லை. ஈயின் கண் தெளிந்தால் சிறகு மங்கிப்போகும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் குறையும். ஓர் எல்லைக்கு மேல் சுருக்கினால் படம் முழுவதுமே மெழுகினாற்போல் ஆகிவிடும். இதற்கென்று விற்கும் லென்ஸ் இவரிடம் இல்லை. சாதாரண லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியே பல படங்களை எடுத்திருக்கிறார். சோளகம் வீசும் மாதங்களில் குடாநாட்டில் ஒரு தும்பைப்பூ அரை விநாடிகூட அசையாமல் நிற்பதில்லை. அப்படியிருந்தும் தும்பையின் வெள்ளை இதழில் ஏறும் எறும்பின் கால் மயிர்வரை எண்ணக்கூடியதாக இருக்கிறது. இந்தப் பொறுமை எங்கள் சிறுகதைக்காரர்கள் பலருக்கு இல்லை.

ஆனால் நாற்பதில் முப்பத்தைந்து படங்களை கேரளத்திலோ சிங்கப்பூரிலோ எடுத்ததாகச் சொன்னாலும் நம்பிவிடலாம். பூவின் பின்னால் பச்சைப் புகை. பூச்சியின் பின்னால் கறுப்பு. வேலி இல்லை, மண் இல்லை, சுவர் இல்லை.

பின்னணியை அழிப்பது தானாகவே ஒரு குற்றம் ஆகாது. ஜெர்மனியரான கார்ல் ப்ளொஸ்ஃபெல்ட் செடிகளின் மொட்டையும் தண்டையும் பெருப்பித்து எடுத்த படங்கள் 1928இல் நூலாக வந்தபோது வால்டர் பென்யமின் அதற்கு மதிப்புரை எழுதினார். அந்தப் படங்களிலும் பின்னணி வெறும் சாம்பல், வெள்ளை. ஆனால் ப்ளொஸ்ஃபெல்ட் பெர்லினில் கலை மாணவர்களுக்குக் கற்பித்தவர். இரும்புக் கம்பிவேலைக்கும் தூணின் அலங்காரத்துக்கும் மூலவடிவம் செடியில் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே அவர் நிலத்தை அகற்றினார். 1930இல் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படமெடுத்து அதை மனித உடலைப்போல் தோன்றச் செய்தார். அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. நம்மவரின் பச்சைப் புகைக்கு லென்ஸ் மட்டுமே காரணம். லென்ஸ் செய்ததை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

பதினேழாவது படத்துக்கு வருகிறேன். கார்த்திகைப்பூ. தொழில்நுட்பத்தில் அல்பத்தின் மிகச்சிறந்த படம் இதுதான். மேல்நோக்கி மடிந்து நெளியும் இதழ்கள், அடியில் பச்சையும் மஞ்சளும், நுனியில் சிவப்பு. சூல்தண்டு நேராக நீளாமல் அடியிலேயே பக்கவாட்டில் மடங்கித் திரும்பும் விந்தையை இத்தனை தெளிவாக நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே. கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது சட்டகத்துக்கு வெளியே, மண்ணுக்குள்.

2003இல் விடுதலைப் புலிகள் இந்தப் பூவைத் தேசியப் பூவாக அறிவித்தார்கள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியதும் அவர்களே. அப்போது எனக்குப் பதினொரு வயது. மாரி மழை தொடங்கி வேலிகளில் இந்தக் கொடி ஏறும் காலம். பூவின்மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒருவருக்கு இறந்துபோன பிள்ளையின் நினைவாகவும் இன்னொருவருக்குப் பறிபோன வீட்டின் நினைவாகவும் இருக்கிற ஒரு பூவை, எந்த வேலியில், எந்த ஒழுங்கையில் பூத்தது என்ற தடயமே இல்லாமல் கறுப்புத் திரையில் நிறுத்தும்போது, அந்த இரண்டு பேரில் எவரோடும் படம் பேசுவதில்லை. “நான் வடிவுக்குத்தான் எடுத்தனான்” என்றார் அவர். நம்புகிறேன். என் குறையும் அதுதான்.

இடையில் ஒன்று. உயிருள்ளவற்றின் உருவப்படம் கூடாது என்று எங்கள் வீட்டில் வாப்பா கண்டிப்பாக இருந்தார். அதனால் கலண்டரிலிருந்து வெட்டிய ரோசாப்பூ மட்டும் சுவரில் தொங்கியது. பூப்படம் யாரையும் புண்படுத்தாத படம் என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவன் நான். அந்தச் சுவர் இப்போது இல்லை.

சிறிய பொருளை வைத்துப் பெரியதைப் பேசலாம் என்பதற்கு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 2004இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில், 1981இல் எரிக்கப்பட்ட அதே நூலகத்தில், ஓவியர் தா. சனாதனன் குடாநாட்டு மக்களிடமிருந்து சேகரித்த அன்றாடப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். 2011இல் வெளிவந்த அவருடைய தோம்பு நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளில் அழகு குறைவு. ஆனால் கிணறு எந்தப் பக்கம், படலை எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஒரு பொருள் எங்கே இருந்தது என்பதும் பொருளின் ஒரு பகுதி என்று சனாதனன் அறிந்திருந்தார். அவர் கையில் மெக்ரோ லென்ஸ் இருந்திருந்தால் அதை என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அல்பத்தில் எனக்குப் பிடித்தவை ஐந்து. அவற்றில் இரண்டைப்பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று, முதல் மழைக்குப் பிறகு வலிகாமத்துச் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி. சங்கப் பாட்டுக்காரர்கள் மூதாய் என்று சொன்ன அதே பூச்சி. சிவப்பு மண்ணில் சிவப்புப் பட்டு. இங்கே பின்னணியை மங்கவிட்டாலும் மண் மறைவதில்லை. நிறமே ஊரைச் சொல்லிவிடுகிறது. தோட்டத்தில் கொத்திய மண் உருண்டைகள் பூச்சியைச் சுற்றி மலைகளைப்போல் நிற்கின்றன. தரையில் வயிறு பதியப் படுத்து எடுத்திருக்கவேண்டும்.

மற்றது, துருப்பிடித்த ஓர் ஆமைப்பூட்டு. திறப்புப் போடும் துவாரத்துக்குள் ஒரு குதிக்கும் சிலந்தி வலைநூலால் கூடுகட்டிக் குடியிருக்கிறது. முன்பக்கத்துப் பெரிய கண்கள் இரண்டும் இருட்டிலிருந்து வெளியே பார்க்கின்றன. எங்கே எடுத்தது என்று கேட்டேன். “சோனகதெருப் பக்கம், ஒரு பாழ்வீட்டில” என்றார். யாருடைய வீடு என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் வீடு என்று சொந்தம் கொண்டாடவில்லை. உம்மா அன்று கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலின் கப்பில் அது நெடுங்காலம் தொங்கியது. பூட்டுகள் இப்படித்தான் இருந்தன என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் படத்திலும் அவர் கைவைத்திருக்கிறார். துருவின் சிவப்பைக் கணினியில் ஏற்றியிருக்கிறார். உண்மையான துரு அப்படிக் கனல்வதில்லை. அதைவிடப் பெரிய பிழை, இடது பக்கத்தை வெட்டியிருக்கிறார். ஓரத்தில் நீலம் கலந்து வெள்ளையடித்த ஒரு கீற்று மிச்சம் தெரிந்ததால்தான் கண்டுபிடித்தேன். வெட்டாத படத்தைக் காட்டும்படி கேட்டேன். கைத்தொலைபேசியில் திறந்தார். பாதி நிலை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், அதில் யாரோ சிறுபிள்ளை கரியால் கீறிய கோடுகள், எல்லாம் மங்கலாக, ஆனால் இருக்கின்றன.

இந்த அல்பத்தை அடுத்த ஆண்டு கண்காட்சியாக வைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கிறது. மழைத்துளிப் படங்கள் பதினொன்றையும் பென்சில் முனையையும் தீக்குச்சியையும் எடுத்துவிடச் சொன்னேன். கார்த்திகைப்பூவை எடுக்கச் சொல்லவில்லை. அந்த வேலிக்கே திரும்பிப்போய், வேலி தெரிய இன்னொருமுறை எடுக்கச் சொன்னேன். பூட்டுப் படத்தை வெட்டாமல், நிறம் ஏற்றாமல் அச்சடிக்கச் சொன்னேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “முழுசா வைச்சா சிலந்தி சின்னனாப் போயிடும், நானா” என்றார்.

“போகட்டும் தம்பி” என்றேன்.