கைப்பேசிப் படமும் பூவத்துப் பச்சையும்

காரைக்கால் பகுதியின் வடகோடியில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. அங்கே 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். கிழக்கே மண்டபத்தூர்ப் பக்கம் மீன்பிடிப் படகுகள். மேற்கே திரும்பினால் வயல்தான். அக்ரிலிக் பழக ஆசைப்படுகிறவர் கைப்பேசியோடு ஒரு காலைப்பொழுது சுற்றி வந்தால் போதும், பல மாதத்துக்கு வரையப் படம் கிடைத்துவிடும்.

“போட்டோவைப் பார்த்து வரைவதெல்லாம் ஓவியமா?” என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நம் ஊர் பேனர் ஆர்ட்டிஸ்டுகளை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சென்னை அண்ணா சாலையில் வானளாவ நின்ற சினிமா பேனர்கள் ஸ்டில்லைப் பார்த்து வரைந்தவைதான். கையடக்கமான ஸ்டில்மேல் கட்டம் போடுவார்கள்; அதே கட்டத்தைப் பேனரில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். பழைய ஸ்டில்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நாயகியின் கன்னத்து ரோஸும், வில்லனின் தாடையோரப் பச்சையும் ஆர்ட்டிஸ்ட் தன் மனசிலிருந்து போட்டவை. போட்டோவிடம் அவர்கள் வாங்கிக்கொண்டது உருவத்தையும் வெளிச்சம் நிழலையும் மட்டுமே. என் கட்சியும் அதுதான்: வெளிச்சத்துக்குப் படத்தை நம்பலாம், நிறத்துக்கு நம்பக் கூடாது.

நடவு முடிந்த வயலையே எடுத்துக்கொள்வோம். நாற்றுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது, அதில் வானம் தெரிகிறது. கைப்பேசி என்ன செய்கிறது? வானத்தையும் தண்ணீரையும் ஒரே வெள்ளையாக்கிவிடுகிறது. நேரில் நின்று பார்த்தால், தண்ணீரில் தெரியும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட ஒரு மாற்றுக் குறைந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிட்டால் வயலில் தண்ணீர் நின்றுவிடும். விட்டுவிட்டால் அது சுண்ணாம்பு அடித்த தரைதான். பச்சையையும் கைப்பேசி கூட்டிக் காட்டும். வரப்போரப் பனைமரத்தைக் கரியாக்கும். பனையின் நிழல் பக்கம் கறுப்பே இல்லை. அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்த ஓர் அடர்த்தி அது.

நாற்றின் பச்சைக்கு ட்யூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும். லெமன் மஞ்சளில் துளி நீலம் சேர்த்து, அதன் துள்ளலை அடக்கக் கடுகளவு பர்ன்ட் சியன்னா. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: கேன்வாஸ் முழுவதும் முதலிலேயே பர்ன்ட் சியன்னாவை நீர்க்கப் பூசிக் காயவிடுவது. அதன்மேல் பச்சைத் தீற்றல்கள் போடும்போது இடையிடையே செம்மண் எட்டிப் பார்க்கும். பச்சைக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. அடிப்பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் மேலே போடும் நிறத்தோடு கலந்து சேறாகாது. எண்ணெய் வண்ணத்தில் இதற்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அக்ரிலிக்கில் ஒரு சூட்சுமம். ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்ததும் சற்றுக் கருத்துப்போகும். வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும்; தண்ணீர் ஆவியானதும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். பாலின் வெளுப்பு போனதும் நிறத்தின் ஆழம் தெரிகிறது. தட்டில் சரியாக இருந்த விடிகாலை வானம் கேன்வாஸில் மழைவானமாவது இதனால்தான். ஒரு காகிதத் துண்டில் தொட்டு வைத்து, மின்விசிறிக்கு அடியில் காயவிட்டுப் பார்த்த பிறகு பூசுவது நல்லது. சித்திரை வெயிலில் வண்ணம் தட்டிலேயே இறுகிப்போகும். ஈர டிஷ்யூமேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலந்தால் வெகுநேரம் தாங்கும்.

அக்ரிலிக் காயும் வேகத்தைப் புரிந்துகொண்டு விளையாடியவர் ஓவியர் டேவிட் ஹாக்னி. 1967இல் அவர் அக்ரிலிக்கில் வரைந்த ‘எ பிகர் ஸ்ப்ளாஷ்’ நீச்சல்குளம் பற்றிய ஒரு புத்தகத்தில் கண்ட புகைப்படத்திலிருந்து பிறந்தது. வானத்தையும் சுவரையும் தண்ணீரையும் ரோலரால் தட்டையாக இழுத்துவிட்டார். கண நேரத்தில் தெறித்து அடங்கும் அந்தத் தண்ணீரை மட்டும் சின்னத் தூரிகைகளால் சுமார் 2 வாரம் வரைந்தார். எங்கே சோம்பலாக இருக்கலாம், எங்கே உயிரைக் கொடுக்க வேண்டும் என்று அறிந்த கை அது.

முகம் வரைகிற ஆசை எல்லோருக்கும் வரும். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் எஸ். இளையராஜா வரைந்த பெண்களைப் பார்த்து, இது போட்டோவா ஓவியமா என்று திகைக்காதவர் குறைவு. 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது பெரிய இழப்பு. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து நிழலில் கரையும் அந்த நயத்துக்கு, மெல்லக் காயும் எண்ணெய் வண்ணம் தோதானது. அக்ரிலிக்கில் அதைச் செய்ய மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும், பொறுமை வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் படகு, மதில், வயல் என்று தொடங்குவதே உத்தமம். தரங்கம்பாடிக் கோட்டையின் மதில் ஒன்று போதும், மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டென்று கற்றுக்கொள்ள.

இணையத்தில் இறக்கிய யாரோ ஒருவரின் படம் வேண்டாம். நீங்களே எடுங்கள், எடுக்கும்போதே நிறங்களை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள். அந்த வசதி எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது.