சொந்த ஊர் எது?

கீழ்க்கட்டளையில் வாடகைக்கு வீடு தேடிய பெண்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 'சொந்த ஊர் எதும்மா?' என்பார் வீட்டுக்காரர். அடுத்து, 'சைவமா, அசைவமா?' இரண்டிலும் அவர் கேட்பது சாதியைத்தான். அலைந்து களைத்த அவள் ஒருநாள் மனநல ஆலோசகரிடம் போகிறாள். அவரும் சிரித்த முகத்தோடு ஊரைக் கேட்டே பேச்சைத் தொடங்குகிறார். அவர் நெருங்கக் கேட்கிறார். இவளுக்கு வாய் அடைத்துவிடுகிறது.

'பண்பாட்டுத் திறன்' அமெரிக்காவில் வளர்ந்த கருத்து. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 மனநலக் கையேட்டில் இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் இருக்கிறது. நோயாளி தன் துயரத்தைத் தன் சொல்லிலேயே சொல்ல இடம் தருவது அதன் பலம். ஆனால் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள்: மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு பின்னணியினர் என்பதால் புரிதல் பிசகலாம், அந்தக் கவலை உண்டா என்கிறது. ஒரே பின்னணி என்றால் பிசகாதா?

லத்தீன் வம்சாவளிச் சிகிச்சையாளர்கள் பற்றிய பேச்சிலும் இதே சிக்கல்தான். ஸ்பானிஷ் பேசுவதாலேயே ஒருவருக்குப் பண்ணைக் கூலிப் பெண்ணின் வாழ்க்கை புரிந்துவிடாது. குடும்பப் பற்றைக் குறிக்கும் 'ஃபாமிலிஸ்மோ' அங்கே பண்பாட்டின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்குள்ளேயே அடிபடுபவளுக்கு அது என்ன செய்யும்? நம்மூரில் அதன் குரல், 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா'. தமிழில் சொன்னதாலேயே அது புரிதல் ஆகாது. பண்பாட்டை நன்கறிந்தவரே அதன் காவலராகவும் மாறலாம்.

அந்த நேர்காணல் பின்னணிக்கு உதாரணமாகத் தரும் பட்டியலில் சமூகம், மொழி, இனம், பாலினம், மதம் உண்டு, சாதி இல்லை. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமோ, எவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று 18ஆம் பிரிவில் சொல்லும்போது பண்பாட்டையும் சாதியையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. சட்டம் பிரித்துச் சொன்னதை ஆலோசனை அறை ஒன்றாகக் குழப்பக் கூடாது.

மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற மருத்துவர்கள் 1998இல் திறனுக்கு மாற்றாகப் 'பண்பாட்டுப் பணிவு' என்பதை முன்வைத்தார்கள். திறனைக் கற்று முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். தன் அதிகாரத்தைத் தானே சோதிக்கும் பணிவுக்கு முடிவில்லை. நமக்கு வேண்டியது இதுதான். ஊரைக் கேட்கும் ஆலோசகர், எதற்காகக் கேட்கிறேன் என்பதையும் சொல்லட்டும். பதில் சொல்லாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். வீட்டுக்காரர் ஒருபோதும் சொல்லாதவை இவை இரண்டும்.