வீடும் சொல்லும்: ஆங்கிலத் தேர்வுச் சொற்பட்டியல்கள் பற்றிய ஒரு நோக்கு

மொழியொன்றைக் கற்கப் புகுவோர்க்கு முதலிற் புகட்டப்படும் சொற்றொகுதிகளுள் வீடு பற்றியதும் ஒன்று. உயர்கல்வியையோ குடிபெயர்வையோ நாடும் இலங்கை மாணவர் பலர், 1989ஆம் ஆண்டு தொடக்கம் நடத்தப்பட்டு வரும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வுக்குத் தோற்றுகின்றனர். அத்தேர்வை முன்னிட்டுத் தயாரிக்கப்படும் கைந்நூல்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் 'வீடுகளும் கட்டடங்களும்' போன்ற தலைப்பொன்று இடம்பெறக் காணலாம். இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் தமிழ்ப் பொருள் என அமையும் இப்பட்டியல்களின் அடியில் ஓர் எடுகோள் கிடக்கின்றது. வீடு என்பது எங்கும் ஒன்றே, பெயர்கள் மட்டுமே வேறு என்பதே அது. இவ்வெடுகோள் எத்துணை பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

பட்டியலாற் பயனே இல்லை எனல் நியாயமாகாது. தேர்வின் செவிமடுத்தற் பகுதி அன்றாட உரையாடலொன்றுடன் தொடங்குவது. வாடகை வீடு தேடுபவரும் முகவரும் உரையாடுவது அங்கு அடிக்கடி எடுத்தாளப்படும் நிலைமை. எழுத்துப் பிழைத்த விடைக்கு அங்கு புள்ளி இல்லை. ஆகவே, ஒலியை இனங்காணவும் பிழையற எழுதவும் மனனம் துணைசெய்யும். ஆயின் அங்கும் பட்டியல் ஓரளவுக்கே உதவும். பிரித்தானியர் நிலத்தோடமைந்த தளத்தைத் தனிப்பெயரால் வழங்கி, அதன் மேலுள்ளதையே முதலாம் தளம் என்பர். அமெரிக்க வழக்கில் நிலத்தளமே முதலாவது. 'ரூ ஸ்ரோரி' வீடு என ஆங்கிலத்தில் வழங்குவது நிலத்தளமும் அதன்மேல் ஒன்றும் கொண்டது. அதற்கு 'இரண்டு மாடி வீடு' எனப் பொருள் எழுதிக்கொண்ட மாணவர், நிலத்துக்கு மேல் இரண்டு தளங்கள் உளவெனக் கருத இடமுண்டு. கட்டடப் படத்தில் அறைகளைக் குறிக்குமாறு கேட்கும் வினாவில் இச்சிறு மயக்கம் விடையையே மாற்றிவிடும்.

இன்னும் சிக்கலானவை, இலங்கைத் தமிழர் ஏலவே அறிந்தனவாகத் தோன்றும் சொற்கள். 'ஹோல்' என்பதை எடுத்துக்கொள்ளலாம். இங்கு அது வீட்டின் பிரதான அறை, விருந்தினரை இருத்துமிடம். இன்றைய ஆங்கிலேயரின் வீட்டிலோ அது பெரும்பாலும் வாயிலை அடுத்த நடைவழி மாத்திரமே. மத்தியகால இங்கிலாந்தில் வீட்டின் நடுநாயகமாக விளங்கிய பேரறையே அப்பெயர் பெற்றிருந்தது. குடும்பத்தவரின் தனியறைகள் பெருகப் பெருக அப்பேரறை சுருங்கி வழியாயிற்று. அதே சொல் பல்கலைக்கழக மாணவரின் விடுதியையும் குறிக்கும் என்பது பேராதனை மாணவர்க்குப் புதிதன்று. 'எஸ்ரேற்' என்ற சொல்லும் இத்தகையது. மலையகத்தில் அது தேயிலைத் தோட்டம். இன்றைய பிரித்தானிய நகரொன்றில் அது ஒருங்கே எழுப்பப்பட்ட குடியிருப்புத் தொகுதி. 'பங்களோ' என்பது வங்காளப் பாணியிலானது எனப் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்தது. இங்கிலாந்தில் அது மாடியற்ற சாதாரண வீடு. இலங்கைத் தோட்டங்களிலோ பங்களா துரையின் இருப்பிடம், அதிகாரத்தின் அடையாளம். பட்டியல் இம்மூன்றுக்கும் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லை எதிரே இட்டு அமைந்துவிடுகின்றது.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. வீட்டைக் குறிக்கும் சொற்கள் கட்டடத்தின் உருவத்தை மட்டுமன்றி, அதில் வாழ்வோரின் சமூக நிலையையும் சுட்டுவன. 'செமி டிற்றாச்ட்' என்பது ஒரு சுவரைப் பகிர்ந்து நிற்கும் இணைவீடு. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கில நகர்களின் புறத்தே பெருகிய இவ்வீடு நடுத்தர வர்க்க வாழ்வோடு இணைத்து எண்ணப்படுவது. 'கவுன்சில் ஹவுஸ்' என்பது உள்ளூராட்சி மன்றம் கட்டி வாடகைக்கு விடும் வீடு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வீடுகள் பெருந்தொகையாக எழ வழிகோலிற்று. 1980ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருந்தோர் அவற்றை விலைக்கு வாங்கும் உரிமையை வழங்கிற்று. அச்சொல்லின் பின்னால் ஒரு வர்க்கத்தின் வரலாறே உண்டு. அதனை 'அரசாங்க வீடு' எனப் பெயர்த்தால், இலங்கை மாணவரின் மனத்தில் எழுவது அரச உத்தியோகத்தரின் விடுதியே.

'ரெறஸ்' வீடு என்னும் தொடர்வீடு இதனிலும் தெளிவான சான்று. கைத்தொழிற் புரட்சிக் காலத் தொழிலாளரின் நெருக்கமான வீட்டு வரிசைகளுக்கும் அதுவே பெயர். 1767க்கும் 1774க்கும் இடையில் பாத் நகரிற் செல்வர்க்கெனக் கட்டப்பட்ட றோயல் கிறெசென்ற் என்னும் பிறைவடிவ மாளிகை வரிசையும் அவ்வகையினதே. உருவம் ஒன்றாயிருப்பினும் வாழ்வு ஒன்றன்று. மலையக மாணவரொருவர் இச்சொல்லைக் கற்கையில் தமது லயத்தை அதனுள் அடக்க முற்படுதல் இயல்பு. லயன் என்பதும் வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததே. ஆயினும், தோட்ட நிருவாகம் தன் தொழிலாளரை நிறுத்திவைத்த அக்குறுகிய அறைகளின் வரிசையைத் தொடர்வீடு என அழைப்பின் உருவம் புலப்படும்; உண்மை மறைந்துவிடும்.

தமிழும் பிறமொழிகளிலிருந்து வீட்டுச் சொற்களைப் பெற்றதுதானே என ஒருவர் வினவலாம். பெற்றது உண்மையே. யன்னல், கதிரை, மேசை, அலுமாரி, குசினி ஆகியன போர்த்துக்கேயர் வழி வந்தவை. கக்கூசு ஒல்லாந்தர் தந்தது. ஆனால் அவை பட்டியலில் மனனஞ் செய்யப்பட்டு வேரூன்றவில்லை. நாளாந்தப் புழக்கத்தினூடாகவே தமிழாயின. புழக்கமின்றிச் சொல்லை மட்டும் கொள்வதே இன்றைய தேர்வு மாணவரின் இடர்.

இவ்விடர் வாய்மொழித் தேர்வில் வெளிப்படுகின்றது. அதன் முதற்பகுதியில் தேர்வாளர் மாணவரின் வீடு, ஊர், படிப்பு முதலியவற்றை வினவுவர். பட்டியல்வழிப் பயின்றவர், தாம் ஒருநாளும் வாழ்ந்திராத வீடொன்றை விவரிக்கத் தொடங்குகின்றார். குளிர்காயும் அடுப்புமாடமும் நிலவறையும் அவர் வாயில் வருகின்றன. நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் கிடுகுவேலியும் வரவில்லை. அவற்றுக்குப் பட்டியலில் இடமில்லை. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவெனக் கூரையிட்டு அமைத்த யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலை, வெறும் 'கேற்' ஆகிவிடுகின்றது. தன் வீட்டைச் சொல்லச் சொல்லில்லாதவர், சொல்லுக்கேற்ப வீட்டை மாற்றிக்கொள்கின்றார். இது மொழித்தேர்ச்சி ஆகாது.

தேர்வின் நியமங்கள் இதனை வேண்டவுமில்லை என்பதே கவனத்திற்குரியது. சொல்வளத்தை மதிப்பிடுகையில், சொற்கள் ஒன்றோடொன்று இயைந்து வழங்கும் முறையும், உரிய சொல் கிட்டாதவிடத்துப் பிற சொற்களால் விளக்கும் ஆற்றலும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. நடுமுற்றத்தை, 'நான்கு பக்கமும் அறைகள் சூழ, வானம் தெரியத் திறந்து கிடக்கும் இடம்' என எளிய ஆங்கிலத்தில் விளக்கும் மாணவர், பத்து அரிய சொற்களை அடுக்குபவரினும் அவ்வாற்றலைத் தெளிவாகக் காட்டியவராவார். உண்மையைச் சொல்வதும் புள்ளி பெறுவதும் இங்கு முரண்பட்டவை அல்ல.

ஆகவே, நம் நாட்டு மாணவர்க்கெனக் கைந்நூல் ஆக்குவோர் செய்யவேண்டியன இரண்டு. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லும் எத்தகைய வீட்டை, யார் வாழும் வீட்டை, எந்நாட்டு வழக்கிற் குறிக்கின்றது என்பதை ஓரிரு வாக்கியங்களிலேனும் காட்டுதல் ஒன்று. முற்றம், திண்ணை, தலைவாசல், வளவு, லயம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் விளக்கும் பயிற்சியை நூலிற் சேர்த்தல் மற்றொன்று. முன்னது பிறர் வீட்டை விளங்கிக்கொள்ளவும், பின்னது தம் வீட்டைப் பிறர்க்கு விளக்கவும் உதவும். ஆங்கில விரிவுரையாளரும் தமிழ் விரிவுரையாளரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி இது. அதற்கு ஏற்ற இடம் பல்கலைக்கழகமே.