குறுஞ்செய்தி வந்துவிட்டது, கதவில் பூட்டு இருக்கிறதா?

2007 ஏப்ரல் 16 காலை ஏழே கால் மணியளவில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வளாகத்தில் இருந்தவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனபோது மணி 9.26. விடுதியில் துப்பாக்கிச்சூடு நடந்தது, போலீஸ் விசாரிக்கிறது என்ற அளவில்தான் அது இருந்தது. இருவர் இறந்ததையோ, சுட்டவன் பிடிபடவில்லை என்பதையோ சொல்லவில்லை. ஏறத்தாழ 9.40க்கு அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் வாசல்களைச் சங்கிலியால் பூட்டிவிட்டு வகுப்பு வகுப்பாகச் சுட ஆரம்பித்தான். பத்துப் பதினோரு நிமிடத்தில் 30 பேர் இறந்தார்கள். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் அவர்களில் ஒருவர். 206ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று இருக்கும் அவசரகால எச்சரிக்கை முறை பெருமளவுக்கு அந்த இரண்டு மணி நேரத் தாமதத்திலிருந்து உருவானது. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் படிக்கும் வளாகங்கள் அவை. ஆகவே அந்த முறை எதைச் சாதித்திருக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று எடைபோட்டுப் பார்க்க நமக்கும் காரணம் இருக்கிறது.

அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளரி என்ற மாணவி 19 வயதில் கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளுக்கு மாணவர்கள் அட்டைப்பெட்டிகளை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கொலையாளி அந்த வழியாகத்தான் உள்ளே வந்தான். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் வளாகக் குற்றங்களை வெளியிடக் கட்டாயப்படுத்தும் சட்டம் வந்தது. அது இன்று கிளரி சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. வர்ஜீனியா டெக் படுகொலைக்குப் பிறகு, 2008இல் அதில் இன்னொரு கடமை சேர்ந்தது: ஆபத்து உறுதியானதும் காலம் கடத்தாமல் அறிவிக்க வேண்டும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த முறையின் முதல் பலம் இதுதான். எச்சரிப்பது நிர்வாகத்தின் நல்லெண்ணமாக இல்லாமல் சட்டக் கடமையாகிவிட்டது. தாமதத்துக்காக வர்ஜீனியா டெக்குக்கு 2011இல் மத்தியக் கல்வித் துறை 55,000 டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் அது 32,500 டாலராகக் குறைந்தது. தொகை சிறியது என்றாலும், மௌனத்துக்குக் கணக்குக் கேட்கப்படும் என்பது எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் புரிந்தது.

இரண்டாவது பலம் வேகம். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஒலிபெருக்கி, கணினித் திரை என ஒரே நேரத்தில் பல வழிகளில் செய்தி போகிறது. 2023 பிப்ரவரி 13 இரவு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு பற்றிய முதல் அழைப்பு போலீசுக்குப் போனது 8.18க்கு. மாணவர்களுக்கு எச்சரிக்கை போனது 8.31க்கு. 2007இன் இரண்டு மணி நேரம் இங்கே 13 நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது.

மூன்றாவது பலம் எளிமை. ‘ரன், ஹைட், ஃபைட்’ என்ற மூன்று சொல் விதியை ஹூஸ்டன் நகராட்சி 2012இல் ஒரு காணொளியாக வெளியிட்டது. முடிந்தால் ஓடு, முடியாவிட்டால் ஒளிந்துகொள், வேறு வழியே இல்லாதபோது மட்டும் திருப்பித் தாக்கு. இந்த விதி வருமுன்பே அதன் உண்மையை நாரிஸ் ஹால் காட்டியிருந்தது. 205ஆம் அறையில் இருந்தவர்கள் பெரிய மேசை ஒன்றைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். அங்கே ஒருவருக்கும் காயமில்லை. 204இல் 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தன் உடலால் தடுத்து நின்றார். அவர் உயிரிழந்தார். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் ஜன்னல் வழியாகக் குதித்துப் பிழைத்தார்கள். யூதப் படுகொலையிலிருந்து தப்பி வந்த மனிதர் அவர்.

இந்த இரண்டு அறைகளையும் கூர்ந்து பார்த்தால் இன்றைய முறையின் பெரிய குறையும் தெரியும். அங்கே உயிர் காத்தது எந்தக் குறுஞ்செய்தியும் அல்ல. உள்ளே வர முடியாத கதவுதான் காத்தது. அதைக்கூட மனித உடல்களே அடைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, எச்சரிக்கை கைப்பேசிகளுக்கு வந்தது. ஆனால் பல வகுப்பறைகளில் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தது. உள்ளிருந்து பூட்ட வழியில்லாமல் இருந்தது. மாணவர்கள் இடுப்பு பெல்ட்டையும் மின்கம்பியையும் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த படங்கள் அன்று உலகம் முழுக்கப் பரவின. மிச்சிகன் ஸ்டேட்டும் 2023இல் மூன்று மாணவர்களைப் பறிகொடுத்த பிறகுதான் வகுப்பறைகளுக்கு உள்பூட்டு பொருத்தும் வேலையை அறிவித்தது. ஒளிந்துகொள் என்று அறிவுரை சொல்லும் நிர்வாகம், ஒளிந்துகொள்ளத் தகுந்த அறையைக் கொடுக்க மறந்திருந்தது.

வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 13 நிமிடம் முன்னேற்றம்தான். ஆனால் முதல் அறையில் இருப்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் நேரத்தில் வராது. அடுத்த கட்டடத்தில் இருப்பவர்களைத்தான் அது காக்க முடியும். அந்த எல்லையைச் சொல்லாமல் எச்சரிக்கை முறையையே பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்துவது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

அடிக்கடி ஒலிக்கும் பொய் மணி இன்னொரு ஆபத்து. 2000 ஜனவரியில் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் அதிகாலையில் தீப்பற்றி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் தீயணைப்பு மணி வீணாகப் பலமுறை அடித்திருந்ததால், அன்றும் பலர் அதைப் பொருட்படுத்தாமல் படுத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் வில்லனோவா உட்படப் பல பல்கலைக்கழகங்களில் துப்பாக்கியோடு ஆள் நுழைந்துவிட்டான் என்று பொய் அழைப்புகள் வந்து மாணவர்கள் உயிர் பயத்தில் ஓடினார்கள். எச்சரிக்காமலும் இருக்க முடியாது. ஒவ்வொரு பொய்க்கும் அலறினால் உண்மையான நாளில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒரே மருந்து, ஆபத்து பொய்யானாலும் மெய்யானாலும் அடுத்தடுத்த தகவலைத் தெளிவாகத் தருவது. எங்கே, என்ன நடந்தது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத செய்தி பீதியை மட்டுமே வளர்க்கும்.

சீட்டன் ஹால் தீ இன்னொரு பாடத்தையும் தந்தது. அந்த விடுதியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. அதே ஆண்டு நியூ ஜெர்சி, கல்லூரி விடுதிகள் எல்லாவற்றிலும் அவற்றைப் பொருத்தச் சட்டம் போட்டது. தூங்கிக்கொண்டிருப்பவனையும் நீர்த்தெளிப்பான் காக்கும். மாணவன் விழிப்பாக இருந்தால்தான் வேலை செய்யும் ஏற்பாட்டைவிட, அவன் அயர்ந்த நேரத்திலும் வேலை செய்யும் ஏற்பாடே மேல்.

ஆனால் மிகப் பெரிய ஓட்டை சம்பவத்துக்கு முன்னால் இருக்கிறது. வர்ஜீனியா டெக் கொலையாளியைப் பற்றி ஆசிரியர்கள் முன்பே கவலைப்பட்டிருந்தார்கள். தனியுரிமைச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு துறைக்குத் தெரிந்ததை இன்னொரு துறைக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்று மாநில விசாரணைக் குழு கண்டறிந்தது. அதன்பின் 2008இல் வர்ஜீனியா, அரசுப் பல்கலைக்கழகங்களில் அச்சுறுத்தல்களை ஆராயும் குழுக்களைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் 2022 அக்டோபரில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நீரியல் துறைத் தலைவர் தாமஸ் மைக்ஸ்னர் முன்னாள் மாணவன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆள் மாதக்கணக்கில் மிரட்டல் விடுத்ததைத் துறையினர் நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார்கள். யாரும் முறையாகச் செயல்படவில்லை என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. சில நொடிகளில் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தி அனுப்பத் தெரிந்த நிறுவனங்களுக்கு, தம் ஆசிரியர்கள் பல மாதம் சொன்னதைக் கேட்கத் தெரியவில்லை.

என் முடிவு இது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி தேவையான ஏற்பாடு. அதைக் கைவிடச் சொல்ல எந்த நியாயமும் இல்லை. ஆனால் பாதுகாப்பின் வரிசையில் அது மூன்றாவதாக நிற்க வேண்டியது. மிரட்டலைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் குழு முதலில், உள்ளிருந்து பூட்டும் கதவும் நீர்த்தெளிப்பானும் இரண்டாவது, எச்சரிக்கை அதற்குப் பிறகு. பல நிர்வாகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. எச்சரிக்கை முறை செலவு குறைவாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அங்கே படிக்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளூர் கைப்பேசி எண் வாங்கியதும் முதல் வேலையாக அதைப் பல்கலைக்கழக எச்சரிக்கைப் பட்டியலில் பதிவுசெய்யுங்கள். தினமும் உட்காரும் வகுப்பறைக்கு எத்தனை வழி, கதவு எப்படிப் பூட்டும் என்று பாருங்கள். பூட்டாவிட்டால் எழுதிக் கேளுங்கள். இங்கிருக்கும் பெற்றோர்களே, அங்கே ஆபத்து என்று செய்தி வந்தால் உடனே அழைக்காதீர்கள். ஒளிந்திருக்கும் பிள்ளையின் கைப்பேசி ஒலித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். சேர்க்கைக்கு முன் கட்டணத்தையும் தரவரிசையையும் விசாரிப்பதுபோல, கதவுகளையும் மிரட்டல் புகார்களையும் பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.