பழமையும் பட்டாவும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலத்தில் மடானி பள்ளிவாசல் கட்டுவது குறித்து 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எழுந்த சொற்போரை அன்பர்கள் அறிவர். அதில் இரு தரப்பாரும் கையாண்ட வாதங்களை நிறுத்துப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

ஆலயம் 130 ஆண்டுப் பழமையுடையது என்பர். நிலமோ கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கு உரியதாயிருந்து, 2014இல் ஜேக்கல் என்னும் துணி வணிக நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அங்குப் பள்ளிவாசல் எழுப்ப அந்நிறுவனம் முனைந்தது. மார்ச்சு 27ஆம் நாள் பிரதமர் அன்வார் இப்ராகிம் அடிக்கல் நாட்டினார். அதற்குச் சில நாள் முன்னரே, ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் 4,000 சதுர அடி இடத்துக்கு ஆலயம் மாறுவதென உடன்பாடு ஏற்பட்டது.

நம்மவர் முன்வைத்த வாதம் பழமை. அது நெஞ்சைத் தொடும், நீதிமன்றத்தில் நில்லாது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனாலேயே நில உரிமை பிறவாது என்பது 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச்சட்டத்தின் தெளிவான முடிபு. இதனை நம் மேடைப் பேச்சாளருள் எடுத்துரைத்தோர் சிலரே.

மற்றவர் வாதம் பட்டா. 'பட்டா இல்லாத கோயில் சட்டவிரோதக் கோயில்' என்றனர். இது சட்டத்துக்குப் பொருந்தும்; வரலாற்றுக்குப் போதாது. நிலம் இன்று எவருக்குரியது என்பதைப் பட்டா சொல்லும். ஏழைக்கு அது ஏன் கிட்டவில்லை என்பதைச் சொல்லாது. கீழ்ப்பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். துரையின் வாய்மொழி ஒப்புதலோடு எழுந்த கோயில்கள் பல. தோட்டம் கைமாறியபோது அந்த வாய்மொழி கைமாறவில்லை. குடியிருந்த லயமே தனதல்லாத தொழிலாளி, தன் தெய்வத்துக்குப் பட்டா எங்ஙனம் பெற்றிருப்பான்? தோட்டத்துக் கதையும் தலைநகரத்துக் கதையும் வேறுவேறாயினும், பட்டா இன்மை இரண்டுக்கும் பொது.

அவ்வாறாயின் குறை எங்கே? கோயில் நின்ற நிலத்தை, கோயிலுக்கு மாற்றிடம் வகுக்காமலே விற்றதில் உள்ளது. 2014இல் முதற்கண் செய்திருக்க வேண்டியதைப் பதினோராண்டு கழித்து, அடிக்கல் விழா நெருங்கிய பின் செய்தனர். இடையில் விளைந்த கசப்புக்கு இம்முறைமாற்றமே காரணம்.

இது ஒருபுறமிருக்க, நம்மவருட் சிலர் பள்ளிவாசலையே பகையாகப் பேசியது சிறிதும் ஏற்புடையதன்று. அவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்த இந்தியப் பள்ளிவாசல் 1863இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பியது. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரைத் தமிழாசிரியர் எவரும் அயலார் என்னார். நாகூர்த் தர்காவின் மிக உயர்ந்த கோபுரத்தைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தமிழ்மொழியோ பிள்ளைகள் பயிலும் இடத்தையும் முஸ்லிம்கள் தொழும் இடத்தையும் 'பள்ளி' என்னும் ஒரே சொல்லால் வழங்குகிறது. வழக்கு நிலத்தைப் பற்றியது, சமயத்தைப் பற்றியதன்று.

இனிச் செய்யத்தக்கது யாது? கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, சமயத்தார் ஒவ்வொருவரும் சட்டத்துக்குட்பட்டு நிலபுலம் வாங்கவும் உடைமையாக வைத்திருக்கவும் உரிமை தருகிறது. அவ்வுரிமையைக் கோயில் நிர்வாகத்தார் நிலம் விலைபோகும் முன்னரே பயன்படுத்தல் வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தனியார் நிலத்திலேயே நிற்கின்றன என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். இவ்வறிவுரை அவற்றுக்கும் பொருந்தும். விண்ணப்பம் எழுதத் தெரியாத கோயில் தலைவருக்கு ஒருநாள் மாலை உடனிருந்து எழுதித் தருவது, நூறு கண்டனக் கூட்டங்களினும் பயன் மிக்கது. அப்பணி எழுத்தறிந்த நம்மைச் சார்ந்தது.