சந்திரகாந்தக் கல்லின் வயிறு

இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில், அம்பலாங்கொடையை அடுத்த மீட்டியாகொடையில் எடுக்கப்படும் நீலச் சந்திரகாந்தக் கல்லுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஆனால் மண்ணிலிருந்து வந்த கல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். மங்கிய கண்ணாடித் துண்டு போலத்தான் இருக்கும். உள்ளிருக்கும் மினுக்கத்தை மேலே கொண்டுவருவது வெட்டுபவரின் கைதான்.

ஆர்த்தோகிளேஸ், ஆல்பைட் என்ற இரு கனிமங்கள் இந்தக் கல்லுக்குள் மிக நுண்ணிய ஏடுகளாக மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. அந்த ஏடுகளில் ஒளி சிதறுவதே மினுக்கம். ஏடுகள் மிக மெலிந்திருந்தால் நீலம் தெரியும், தடித்திருந்தால் வெண்மை. ஆகவே வெட்டுபவர் முதலில் செய்ய வேண்டியது, கல்லை நனைத்து, ஒற்றை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏடுகள் படுத்திருக்கும் வாக்கைக் கண்டுபிடிப்பது. கல்லின் அடித்தளம் அதற்கு இணையாக அமைய வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளி உச்சியை விட்டு விளிம்புக்கு வழுக்கிவிடும்.

முகடு வைத்து வழவழப்பாகத் தேய்க்கும் பழைய முறை ஏன் நிலைத்தது என்பது இங்கேதான் புரிகிறது. வளைந்த முகடு ஒளியைத் திரட்டிக் காட்டுகிறது. கல்லை அசைத்தால் ஒளியும் மிதந்து நகர்கிறது. பட்டை தீட்டினால் ஒவ்வொரு முகமும் தனித்தனியே பளிச்சிட்டு, அந்த மிதப்பைக் கலைத்துவிடும். உறுதியும் இதில் ஒரு காரணம். மோஸ் அளவில் இதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான், இரண்டு திசைகளில் எளிதில் பிளக்கும். பட்டையின் கூர்விளிம்புகள் சீக்கிரம் தேய்ந்துபோகும். கட்டம் கட்டமாகப் பட்டை போட்ட கற்கள் இப்போது நிறைய வருகின்றன. உள்ளே பூரான் வடிவில் ஓடும் விரிசல்களை மறைக்க அது உதவும் என்பதைத் தவிர, அதில் பெரிய நன்மை எனக்குத் தெரியவில்லை.

முகடு வைக்கும் முறையில் குறையே இல்லையா? இருக்கிறது, அதுவும் கல்லின் அடியில். விலை காரட் கணக்கில் பேசப்படுவதால், தேய்த்துத் தள்ள வேண்டிய அடிவயிற்றைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓரளவு கனம் வேண்டியதுதான்; மிக மெலிந்த கல்லில் ஒளியின் ஆழம் போய்விடும். ஆனால் நகைக்குள் புதைந்துபோகும் தொந்தி எந்த ஒளியையும் தருவதில்லை, விலையை மட்டும் ஏற்றுகிறது. இதைவிட மோசம், எடை குறையும் என்று அஞ்சி ஏட்டின் வாக்கையே விட்டுக்கொடுத்து வெட்டுவது. அப்படி வெட்டிய கல் எத்தனை காரட் இருந்தாலும் அரைக் கல்தான். வெட்டுபவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேய்த்துக் கழித்த தூளுக்கு எந்த வியாபாரியும் கூலி தருவதில்லையே!

வாங்கப் போகிறவர்கள் கடையின் பல விளக்குகளை நம்பாமல் ஒரே விளக்கின் கீழ் கல்லைப் பிடித்துப் பாருங்கள். ஒளி உச்சியில் நிற்கிறதா, பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பெருத்திருக்கிறதா என்று கவனியுங்கள். தராசைப் பிறகு எடுக்கச் சொல்லலாம்.